சிவப்பு நூல் கட்டிய ரிமோட்

தேனியில் ஒரு கல்யாண மண்டபம். மணமக்கள் உட்காரும் மேடையில் இரண்டு நாற்காலிகள், பின்னால் பெரிய திரை. ஞாயிற்றுக்கிழமை காலையில் முப்பத்திரண்டு பேரோடு தொடங்கிய வீடியோ கேம் போட்டியில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பேர் மிஞ்சியிருந்தார்கள். ஒருத்தி ஷெரின், போடி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண், இருபத்து நான்கு வயது. இன்னொருவர் சின்னமனூர் சின்னக்கருப்பு. வாழைத் தோட்டங்களுக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டுக் கொடுப்பவர். வயது நாற்பத்தொன்று.

"நாப்பத்தொரு வயசுல பொம்மைக்குக் குத்து விடப் போறாக, வழி விடுங்கப்பா" என்று காலையில் பஸ் ஏறும்போதே கேலியை ஆரம்பித்தவள் அவர் மனைவி நாகஜோதி. அதே நாகஜோதிதான் அரையிறுதியில் முன்வரிசையிலிருந்து எழுந்து நின்று, "தடுங்க! கீழ வருது, தடுங்க!" என்று மண்டபம் அதிரக் கத்தியதும்.

சின்னக்கருப்பு இருபத்தேழு வருஷமாக ஆடுவது ஒரே ஆட்ட வரிசை. ஒவ்வொரு பாகமாக வர வர வாங்கி ஆடிவிட்டார். அதில் யாரும் உள்ளங்கையிலிருந்து நெருப்பு விடமாட்டார்கள். ஆகாயத்தில் பறக்கமாட்டார்கள். ஜூடோ, கராத்தே, குங்ஃபூ, மல்யுத்தம் என்று மனித உடம்பால் செய்ய முடிந்ததுதான் ஆட்டம். கையில் பிடித்து ஆடும் ரிமோட்டில் பொத்தான் மூன்றே மூன்று: குத்து, உதை, தடுப்பு. நொடியை அறுபது கூறாகப் பிரித்தால், ஒரு முழங்கை அடி போய்ச் சேர எத்தனை கூறு பிடிக்கும், அடி தவறினால் கை மடங்கி வர எத்தனை கூறு பிடிக்கும் என்று கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு எல்லா ஆட்டக்காரருக்கும் ஒன்றுதான்.

"மத்த ஆட்டத்துல தோக்கப் போறவனுக்குத் திடீர்னு அருள் வந்துரும். கண்ணு சிவந்து ஒரே அடில ஜெயிச்சிருவான். ஏன் வந்துச்சு, எப்படி வந்துச்சுன்னு கேக்கப்படாது. இதுல அந்தச் சோலி கிடையாது. நீ தோத்தா உன் தப்பு, எங்கன தப்புன்னு காட்டவும் செய்யும்" என்பார். அவர் கையில் குலசாமி இறங்குகிறது என்று ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரர் சொன்னபோது, "சாமி இல்லண்ணே, பதினாலு கூறு" என்று உட்கார வைத்து விளக்கியிருக்கிறார். அந்த மனுஷர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இறுதி ஆட்டத்துக்கு முன்னால் பத்து நிமிட இடைவேளை. போட்டிக்குச் செலவு செய்த ராஜபாண்டி மேடைக்குப் பக்கத்தில் அவரைப் பிடித்துக்கொண்டார். தேனியில் செல்போன் கடை வைத்திருக்கும் ராஜபாண்டியும் சின்னமனூர்க்காரர்தான், ஒரே வயது. அவருடைய அப்பா முத்துராஜா அந்தக் காலத்தில் கேசட் கடை வைத்திருந்தார். கடையின் பின்னறையில் வீடியோ கேம். சின்னக்கருப்பு முதன்முதலில் ஆடியது அங்கேதான்.

"கருப்பு, இப்ப மைக்குல உன்னைக் கூப்பிடுவேன். எங்க கடையில எப்படிக் கத்துக்கிட்டன்னு ரெண்டு வார்த்தை சொல்லிரு. அப்பா படமும் வச்சிருக்கேன் பாரு."

மேடையோரம் முத்துராஜாவின் படம், மாலையோடு. மேலே பேனரில் 'எங்கள் கடை வளர்த்த வீரர்' என்று எழுதி சின்னக்கருப்பின் முகம்.

"நானும் ரெண்டு வார்த்தை பேசுறேன்" என்றார் ராஜபாண்டி. குரலில் உண்மையான பாசம் இருந்தது. "உனக்குன்னு தனி ரிமோட்டே வச்சிருந்தாரே எங்கப்பா! செகப்பு நூல் கட்டி. என்னையவே தொடவிட மாட்டாரு. 'அது கருப்புவோடதுலே'ம்பாரு. எனக்கு எம்புட்டுப் பொறாமையா இருக்கும் தெரியுமா?"

சின்னக்கருப்புக்கு ஒரு கணம் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த கணம் வரவில்லை.

சிவப்பு நூல் கட்டிய அந்த ரிமோட் அவருக்கு மட்டுமானதல்ல. காலனித் தெருவிலிருந்து எந்தப் பையன் வந்தாலும் அதைத்தான் எடுக்க வேண்டும். அதில் உதைப் பொத்தான் அமுங்கினால் எழாது. மற்ற ரிமோட்டைக் கடைக்காரர் மகனும் அவன் கூட்டாளிகளும் தொடுவார்கள், காலனிக்காரன் தொடக்கூடாது. டீக்கடையில் குவளையைப் பிரித்து வைத்த அதே மூளை, ஜப்பானிலிருந்து வந்திறங்கிய இயந்திரத்தையும் மூன்றே நாளில் ஊர் வழக்கத்துக்குப் பழக்கிவிட்டது. பிரித்து வைத்த வீட்டில் வளர்ந்த பிள்ளை அதைப் பரிசென்று நினைத்துக்கொண்டு நாற்பது வயதுவரை வந்திருக்கிறது.

இது தெரியாமல் ஒருவனால் வாழ முடியும் என்பதுதான் சின்னக்கருப்பைச் சுட்டது.

நாகஜோதியிடம் போய்ச் சொன்னார். அவள் பேனரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன செய்யப் போறீக?"

"மண்டபம் அவன் பிடிச்சது. சாப்பாடு அவன் போட்டது. செத்த மனுஷனுக்கு மாலை போட்டு வச்சிருக்கான். ஆமான்னு சொல்லிட்டா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுரும்."

"முடிஞ்சுரும். நாளைக்கு ஊருல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாக, அந்தக் கடைதான் உங்களை வளத்துச்சுன்னு. அதுக்கப்புறம் நீங்க மாத்திச் சொன்னாலும் எவன் நம்புவான்?" என்றாள். "ஆடத் தெரியுதுல்ல? பேசவும் செய்யுங்க."

மைக்கில் பெயரைக் கூப்பிட்டார்கள். ராஜபாண்டி தனி ரிமோட் கதையைச் சொல்லி முடித்தார். கைதட்டல். மைக் கைமாறியது.

சின்னக்கருப்பு தொண்டையைச் செருமிக்கொண்டார். சத்தம் போடவில்லை.

"ராஜபாண்டி பொய் சொல்லல. அவனுக்குத் தெரிஞ்சதைச் சொன்னான். எனக்குத் தெரிஞ்சதை நான் சொல்றேன். அந்த ரிமோட்டு எங்க தெருக்காரவுக எல்லாருக்கும் சேத்து ஒண்ணு. இவுக ரிமோட்டுல எங்க கை படக்கூடாதுன்னு பிரிச்சு வச்சது. அதுல உதை விழாது. அதனால குத்தும் தடுப்பும் மட்டும் வச்சு எப்படி ஜெயிக்கிறதுன்னு நாங்களாக் கண்டுபிடிச்சோம். உதையே இல்லாம இவுகளைத் தோக்கடிச்சோம். பத்தொம்பது வயசுல பழைய மிஷினு ஒண்ணு வாங்கி எங்க வீட்டுல வச்சேன். ரெண்டு ரிமோட்டு, யாரும் எதையும் எடுக்கலாம். தெருவே அங்கனதான் ஆடுச்சு. உதைக்கிறதை நான் அங்கனதான் கத்துக்கிட்டேன். இந்த ஆட்டத்தை எனக்கு ஏன் பிடிக்கும்னு கேட்டா இதான். எந்தத் தெருன்னு அது கேக்காது. சரியா அடிச்சா அடி விழும்."

பின்வரிசையில் போட்டிக்கு வந்திருந்த கூடலூர்ப் பையன்கள் நாலைந்து பேர் கை தட்டினார்கள். முன்வரிசையில் இரண்டு பெரிய மனுஷர்கள் எழுந்து வெளியே போனார்கள். போகட்டும்.

மைக்கை வாங்கக் கை நீட்டிய ராஜபாண்டி வாங்காமலே பக்கத்தில் வந்து, மெதுவாகக் கேட்டார்.

"எங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"அந்த நூலைக் கட்டுனதே அவுகதான்."

ராஜபாண்டி மேடையிலிருந்து இறங்கினார். போய்ச் சுவரோரம் நின்றுகொண்டார்.

ஷெரின் ஏற்கெனவே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "அண்ணே, இதுக்காகவெல்லாம் நான் விட்டுக் குடுக்க மாட்டேன்" என்றாள்.

"குடுத்தா நான் எந்திரிச்சுப் போயிருவேன் பாப்பா."

ஐந்து சுற்று ஆட்டம். ஷெரின் ஜூடோக்காரியை எடுத்து அவரை இரண்டு முறை வளையத்துக்கு வெளியே தூக்கி எறிந்தாள்; வெளியே விழுந்தால் அந்தச் சுற்று போச்சு. இரண்டு சுற்று அவளுக்கு, இரண்டு சுற்று இவருக்கு. கடைசிச் சுற்றில் இரண்டு பேருக்கும் உயிர் நூலிழைதான் பாக்கி. அவள் பிடிக்க வந்தாள். அவர் ஓர் அடி பின்வாங்கினார், பிடி காற்றில் போனது. கை மடங்கி வருவதற்குள் முழங்கை இறங்கியது. அவ்வளவுதான். நாகஜோதி பக்கத்திலிருந்தவர் தோளில் அடித்துவிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பின்வாங்கலை எனக்குச் சொல்லித் தாங்க" என்றாள் ஷெரின், தோற்ற கோபம் ஆறாமலே.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா."

சான்றிதழை ராஜபாண்டிதான் எடுத்து வந்தார். அதில் 'பயிற்சி பெற்ற இடம்' என்ற வரியில் அவருடைய அப்பா கடையின் பெயர் அச்சாகியிருந்தது. மேசையில் வைத்து, பேனாவை எடுத்து, யாரும் கேட்காமலே அந்தப் பெயரை அடித்தார். இரண்டு முறை அடித்தார்.

"என்ன எழுத?" என்றார், நிமிராமல்.

"காலனித் தெரு, சின்னமனூர்" என்றார் சின்னக்கருப்பு. "எழுத்தைப் பெருசாப் போடு."

ராஜபாண்டி பெரிதாகவே எழுதினார்.