குவைத் வானம்

தங்கச்சி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் அனுப்பிய காசில்தான் அந்தப் பழைய கணினியை அட்டன் டவுனில் வாங்கினேன். வைரஸ் புகுந்து மாதத்துக்கு இரண்டு தடவை படுத்துவிடும். வெறுத்துப்போய் விண்டோஸை அழித்துவிட்டு, ஒரு சஞ்சிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் சிடியைப் போட்டேன். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் இன்டர்நெட் ஏது? மெனுவைக் குடையக் குடைய, யாரும் பேர்கூடச் சொல்லியிராத புரோகிராம்கள் வந்தன. ஒன்றில் இசைக்குறிப்பு எழுதலாம், ஒன்றில் மூலக்கூறு வரையலாம். இன்னொன்று வானத்தையே திரையில் விரித்தது. ஊரைச் சொன்னால் போதும், இந்த நேரத்துக்கு அங்கே எந்த நட்சத்திரம் எங்கே நிற்கிறது என்று காட்டும்.

ஊர்ப் பட்டியலில் அட்டன் இல்லை. எரிச்சலாக வந்தது. குவைத் இருந்தது! அன்றிலிருந்து எங்கள் மூட்டம் பிடித்த வானத்தை விட்டுவிட்டு அவளுடைய வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மொட்டை மாடியில் துணி காயப்போட்டபடி அண்ணாந்து பார்ப்பதாக நானே நினைத்துக்கொள்வேன்.

மாதத்துக்கு ஒருமுறை லயத்துக்குக் கீழே இருந்த கடைக்கு அவளுடைய போன் வரும். குரல் கேட்டதும் ஆரம்பித்துவிடுவேன்.

“ஏ புள்ள, பொழுது சாஞ்சதும் மேற்கால பெருசா ஒன்னு மின்னுமே, அதுதான் வெள்ளி. பாத்தியா?”

“பாத்தேண்ணே. பளிச்சுன்னு இருந்துச்சு.”

அடுத்த மாதம் வியாழன், அதற்கடுத்த மாதம் செவ்வாய். எல்லாவற்றையும் பார்த்ததாகச் சொன்னாள். சந்தோசத்தில் எனக்குத் தலைகால் புரியாது.

இரண்டு வருடம் கழித்துப் பாதி ஆளாக வந்து சேர்ந்தாள். மறுநாளே அவளைக் கணினி முன்னால் உட்காரவைத்து, குவைத்தை எடுத்துக் காட்டி, “இதானே நீ பாத்த வானம்?” என்று கேட்டேன்.

வெகுநேரம் திரையையே பார்த்தாள்.

“இவ்வளவு இருந்துச்சாண்ணே?”

“என்னடி சொல்ற? பாத்தேன்னியே?”

“வெளிய விடவே மாட்டாங்கண்ணே. நான் படுத்திருந்த ஸ்டோர் ரூம்ல ஜன்னலே இல்ல.”

யார்மேல் என்று தெரியாத கோபம் வந்தது. “அப்பறம் எதுக்குடி பொய் சொன்ன?” என்று அவளிடமே கத்தினேன், பாவி.

“நீ அவ்வளவு சந்தோசமா கேட்ட. ரெண்டு நிமிசந்தான் பேச விடுவாங்க. அதுல அழுதுகிட்டா இருக்க முடியும்?”

இரண்டு வருடமும் அவளுக்குக் கிடைத்த அந்த இரண்டு நிமிடங்களை நானே பேசித் தீர்த்திருக்கிறேன். “சாப்பிட்டியா புள்ள?” என்று ஒருநாள்கூடக் கேட்கவில்லை.