சிவப்புக் கருவாடும் ரி. கந்தையாவும்

கிருமிகளோடு மாரடிக்கிற தொழிலில் கிருமிகளால் பெரிய தொல்லை ஒன்றும் இல்லை. உப்பும் சூடும் கொடுத்தால் அவை தம் பாட்டில் வளரும். அவற்றைப் பற்றி நாலு பக்கம் எழுதி அச்சில் ஏற்றுவதற்குள்தான் சீவன் போய்விடும். கட்டுரையை அனுப்பிவிட்டுத் தபாற்காரரின் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்துக் கிடந்த சகபாடிகளே, உங்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை.

எழுபதுகளின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்துப் பல்கலைக்கழக வளாகத்தில் நான் தற்காலிக உதவி விரிவுரையாளர். அந்தத் ‘தற்காலிக’ என்ற சொல்லை எடுத்துவிட ஒரே வழி, வெளிநாட்டுச் சஞ்சிகையில் ஒரு கட்டுரை. நேர்முகத் தேர்வுக்கு முன் அது வராவிட்டால் சொல்லோடு சேர்த்து என்னையும் எடுத்துவிடுவார்கள்.

பழுதானது வேணும்

உப்பிட்ட கருவாடு சில வேளை சிவந்துபோகும். அந்தச் சிவப்பு ஒரு கிருமிக் கூட்டம். மற்றக் கிருமிகள் செத்துப்போகிற உப்பில்தான் அது சுகமாக வாழும். அதன் டி.என்.ஏ.யை ஆராய்வது என் வேலை. ஆகவே என் பிறந்த ஊரான பருத்தித்துறைச் சந்தைக்குப் போய், என்னைச் சின்னனிலிருந்தே தெரிந்த கருவாட்டுக்கார பாக்கியமக்காவிடம், “அக்கா, சிவந்து பழுதாப்போன கருவாடு இருக்கோ?” என்று வாய்விட்டுக் கேட்டேன்.

சந்தையே திரும்பிப் பார்த்தது. படித்துவிட்டுச் சுகாதாரப் பகுதியில் சேர்ந்து வழக்குப் போட வந்திருக்கிறேன் என்று அக்கா முடிவு கட்டிவிட்டா. ஆராய்ச்சி என்றேன், சத்தியம் பண்ணினேன். அவ பின்னால் இருந்த ஒரு சாக்கைக் காலால் மெல்லத் தள்ளி மறைத்துக்கொண்டு சொன்னா: “எங்களிட்டைப் பழுது இல்லைப் பிள்ளை. நல்லதை வேண்டிக்கொண்டு போய் நீயே பழுதாக்கு.”

கொழும்புக்குப் போன கிருமி

அவ சொன்னபடியே செய்தேன். நல்ல கட்டாக் கருவாட்டை வாங்கி, ஈரச் சாக்கில் சுற்றிவைத்து, சிவக்கும்வரை காத்திருந்தேன். வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு திரிந்தார்கள். கிருமி வளர்ந்தது. ஆனால் டி.என்.ஏ.யைச் சுழற்றிப் பிரிக்கிற பெரிய மெஷின் கொழும்பில்தான் இருந்தது. போத்தல்களை மடியில் வைத்துக்கொண்டு ரயிலேறினேன்.

எதிரில் சாவகச்சேரி அம்மா ஒருவர். ரோசாப்பூ நிறத்தில் தளும்பிய போத்தலைப் பார்த்து, “என்ன சர்பத்து மோனை?” என்று ஆசையாகக் கேட்டார். கிருமி என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழும்பிப் போக, வாழ்க்கையில் முதல்முறை கால் நீட்டிக்கொண்டு பயணம் செய்தேன். அந்த அம்மா மட்டும் அசையவில்லை. அநுராதபுரம் கடந்த பிறகும் யோசித்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: “கொழும்புக்குக் கிருமி இங்கையிருந்தே கொண்டுபோக வேணும்? அங்கை இல்லையே?”

கீழ்ப்படிவுள்ள ஊழியர்

மெஷின் என்னைக் கைவிடவில்லை. பெரிய டி.என்.ஏ.யோடு சின்ன வளையம் ஒன்றும் தனியாகப் பிரிந்து நின்றது. அந்த வளையத்தைத் தொலைத்த கிருமி வெளுத்துப் போனது. அதாவது சிவப்பின் சூட்சுமம் அந்த வளையத்தில். இருட்டறையில் அதைக் கண்ட அன்று நான் தனியாக நின்று அழுதேன். இப்போதும் சொல்ல வெட்கமில்லை.

கட்டுரையைத் தட்டச்சுச் செய்யக் அரசாங்கக் கச்சேரிக்கு முன்னால் இருந்து சனத்துக்குப் பெற்றிசம், அதாவது மனு, அடித்துக் கொடுக்கிற அண்ணையிடம் கொடுத்தேன். எழுத்துப்பிழை ஒன்றும் விடாத மனிசன். அந்த நம்பிக்கையில் அப்படியே உறையில் போட்டு இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டு, வீட்டில் ஆறுதலாகப் பிரதியைப் பார்த்தால், உசாத்துணைப் பட்டியலுக்குக் கீழே இப்படி இருந்தது: ‘மேற்கூறிய காரணங்களைக் கருணையுடன் பரிசீலித்து ஆவன செய்யுமாறு வேண்டும், தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியர்.’ ஓடிப்போய்ச் சண்டை பிடித்தேன். அண்ணை அசரவில்லை. “தங்கச்சி, வெள்ளைக்காரனிட்டை ஒண்டு கேக்கிறதெண்டால் மொட்டையா முடிக்கலாமே?”

ஆளைக் காணேல்லை

மதிப்பீட்டாளர்கள் அந்த வேண்டுகோளைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆராய்ச்சி நல்லது, ஆங்கிலத்தை ஒருவரிடம் காட்டித் திருத்துங்கள் என்று மட்டும் எழுதியிருந்தார்கள். தெல்லிப்பழையில் ஓய்வுபெற்ற ஆங்கில வாத்தியார் ஒருவரிடம் போனேன். சிவப்புப் பேனையும் கையுமாக இருந்தார்.

‘கருவாடு சேகரிக்கப்பட்டது, கிருமி வளர்க்கப்பட்டது, டி.என்.ஏ. பிரிக்கப்பட்டது’ என்று வரிக்கு வரி வாசித்தார். விஞ்ஞானத்தில் அப்படித்தான் எழுதுவது வழக்கம், ‘நான் செய்தேன்’ என்றால் மரியாதையில்லை என்று விளக்கினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இலக்கணம் சரி பிள்ளை. ஆனால் எல்லாம் தானாய் நடந்திருக்கு. செய்த ஆளைத்தான் காணேல்லை.”

உண்மையால் வந்த வினை

கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள்! கூடவே ஆசிரியரிடமிருந்து ஒரு சின்னக் கேள்வி: ‘கே. தவமணி’ என்று போட்டிருக்கிறீர்களே, இதில் எது உங்கள் குடும்பப் பெயர்? எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டால் அலுவல் முடிந்தது. ‘தவமணி என்பது நான், கந்தையா என்பது என் தகப்பனார்’ என்று ஒளிவுமறைவில்லாமல் பதில் எழுதினேன்.

இங்கிலாந்துக்காரன் யோசித்திருக்கிறான்: தகப்பன் பெயர்தானே குடும்பப் பெயர்? சஞ்சிகை வந்தது. ஆவலாகப் பிரித்தேன். வளையத்தின் படம் பளிச்சென்று விழுந்திருந்தது. மேலே, எழுதியவர்: ரி. கந்தையா. தவமணியில் மிஞ்சியது அந்த ‘ரி’ மட்டும். லண்டனில் படித்துவிட்டு வந்த மூத்த விரிவுரையாளர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “நீர் உண்மையைச் சொன்னதாலை வந்த வினை. ‘கந்தையா ஆரெண்டு தெரியாது’ எண்டு எழுதியிருந்தால் உம்மடை பேர் வந்திருக்கும்.”

கந்தையா கெட்டிக்காரன்

இதற்கிடையில் எனக்குக் கலியாணம் நடந்திருந்தது. இவர் பெயர் சிவலிங்கம். என்னைக் கேளாமலே அலுவலகத்தில் என்னைத் ‘திருமதி ரி. சிவலிங்கம்’ ஆக்கிவிட்டார்கள். அந்தப் பெயரைச் சொல்லித்தான் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். நான் சஞ்சிகையைத் தலைவருக்கு முன்னால் வைத்தேன்.

தலைவர் நல்ல மனிசன். கட்டுரையைப் பொறுமையாகப் படித்தார், படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவருக்கும் காட்டினார். வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். அவர் சஞ்சிகையை மூடி என் பக்கம் தள்ளினார். “உந்தக் கந்தையா கெட்டிக்காரன், திருமதி சிவலிங்கம். இனி உங்கடையைக் காட்டுங்கோ.”

ஒரே ஆள்

கந்தையா மகளும் சிவலிங்கம் பெண்சாதியும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியக்கடதாசி முடித்துக் கொண்டுவந்தால் யோசிக்கலாம் என்றார்கள். வேலை தொங்கிக்கொண்டிருந்தது. வெறுங்கையோடு திரும்பிய அந்த பஸ் பயணத்தில், நான் கண்டுபிடித்ததை நான் கண்டுபிடித்தேன் என்று சொல்ல இரண்டு ஆம்பிளையள் தேவைப்படுகிறார்களே என்று எரிச்சல் எரிச்சலாக வந்தது.

சத்தியம் பண்ண என் தகப்பன், ஐயாவும் வரவேண்டியிருந்தது. ஐயா வத்தை என்கிற பாய்க்கப்பல் ஓட்டி இந்தியக் கரைவரை போய்வந்தவர், ஆங்கிலம் தெரியாது. நீதவான் சஞ்சிகையைப் பார்த்து எழுந்து கைகொடுத்து, “கந்தையர், உங்கடை பேர் லண்டனிலை அச்சாகியிருக்கு!” என்றார். ஐயாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. அதைக் கண்டதும் என் கோபம் பாதி கரைந்ததும் உண்மை. கையெழுத்து வைத்தார். நாங்கள் ஒரே ஆள் ஆனோம். வேலையும் நிரந்தரமாயிற்று, கடிதம் திருமதி சிவலிங்கத்துக்கு வந்தது.

கையெழுத்து வைத்த அன்று, நீதவான் வீட்டுப் படலையைத் தாண்டியதும் ஐயா நின்றார். சஞ்சிகையை வாங்கித் தன் பெயர் எது என்று கேட்டார், காட்டினேன். “அப்ப உன்ரை பேர்?” என்றார். அதற்கு முன்னால் நின்ற ‘ரி’யைத் தொட்டுக் காட்டினேன். ஆங்கிலத்தில் அது ‘T’ என்ற ஒற்றை எழுத்து. பெருவிரலால் அதைத் தடவிப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். பூரிப்பெல்லாம் போய்விட்டிருந்தது. “பாயில்லாத பாய்மரம் மாதிரி உதிலை தனிய நிக்கிறதோ மோனை நீ?”

கிருமிக்கு நாங்கள் பேரினம், இனம் என்று இரண்டு பெயர் வைக்கிறோம், இரண்டும் அதற்கே சொந்தம். அதைக் கண்டுபிடித்தவளுக்கும் இரண்டு பெயர் கிடைத்தன, ஒன்று தகப்பனுக்குச் சொந்தம், மற்றது புருசனுக்கு.