பெட்டிச் சாவியும் ஜைத்தூன் அக்காவின் கையும்

ஜைத்தூன் அக்கா தவறிவிட்டார். காலையில் அவர் மருமகள் போன் பண்ணிச் சொன்னாள்... "பாத்துட்டுப் போயிடுங்கம்மா, மதியம் எடுத்துடுவாங்க" என்று.

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டு பக்கம் வளையல் கடை வைத்திருந்தாரே, அவர்தான். கடை வருவதற்கு முன்னால் ரயிலில் கூடை தூக்கி வளையல் விற்றவர்.

எழுபதுகளின் கடைசி. தீபம் முடிந்த மறுநாள் காலை. குழந்தை பிறந்ததற்கு ராமேஸ்வரம் வருவதாக வேண்டுதல், முதலில் விழுப்புரம் பாசஞ்சரைப் பிடிக்க வேண்டும். மலை சுற்றிய ஜனம் மொத்தமும் ஸ்டேஷனில் நின்றது.

அப்போதெல்லாம் சீட்டுப் பிடிக்க ஜன்னல் வழியாகத் துண்டு போடுவோம். துண்டு நிற்காது என்று தோன்றினால் குழந்தையையே உட்கார வைப்போம். துண்டை எடுத்து எறிவார்கள், குழந்தையை எறியமாட்டார்கள்.

அன்றைக்கு எறிந்தார்கள்.

கம்பி இல்லாத ஜன்னல். "உள்ள வுடு, நான் வாசல் வழியா ஏறிடறேன்" என்றார் என் வீட்டுக்காரர். மகளை சீட்டில் வைத்துவிட்டுக் கையை எடுக்கிறேன்... ஒரு தடியன் அவள் தோளைப் பிடித்துத் தூக்கி வண்டித் தரையில் வீசினான். இன்னொருத்தன் ஷட்டரை இறக்கினான். என் விரல் மேலேயே.

இவர் டிரங்குப் பெட்டியோடு வாசல் படியில் தொங்கினார். உள்ளேயிருந்து எவனோ நெஞ்சில் உதைத்தான். பெட்டியும் இவரும் பிளாட்பாரத்தில் விழ, வண்டி நகர்ந்தது.

வாசல் வழியாகக் கடைசியாக நான் பார்த்தது, தரையில் கூடையோடு உட்கார்ந்திருந்த வளையல்காரம்மா ஒருத்தர் என் மகள் மேல் பாய்ந்ததை. கூடையை யாரோ மிதித்தார்கள். வளையல் நொறுங்கிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

பிறகு அக்கா சொல்லித் தெரிந்தது... மிதிபடாமல் இருக்கக் குழந்தை மேலேயே கவிழ்ந்து படுத்தாராம். முதுகில் மிதித்தார்களாம். உடைந்த வளையலைக் கை நிறைய அள்ளி, மிதித்தவன் கெண்டைக்காலைக் கிழித்தாராம்.

நான் "அண்ணாமலையாரே" என்று கத்திக்கொண்டு பிளாட்பாரம் முடியும்வரை ஓடினேன். ஸ்டேஷன் மாஸ்டர் திருக்கோவிலூருக்குப் போன் பண்ணி, குழந்தையை அங்கே இறக்கி வைக்கச் சொன்னார். நாங்கள் பஸ்ஸுக்கு ஓடினோம்.

பஸ்ஸில் இவர், "கையில இருந்த கொழந்தைய வுட்டுட்டியேடி!" என்று கையை ஓங்கினார். நான் முந்திக்கொண்டேன். பளாரென்று ஒன்று. கல்யாணமாகி முதல் தடவை. கடைசியும் அதுதான்.

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்தபடியே, "சார், மீதிய எறங்கி வாங்கிக்கோங்க. இங்க நிக்கவே எடமில்ல" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. எனக்கு அழுகைகூட வரவில்லை.

திருக்கோவிலூர் ஸ்டேஷன்... வேப்பமரத்தடியில் அக்கா. மடியில் என் மகள் தூங்குகிறாள், நெற்றி வீங்கியிருக்கிறது. அக்காவின் இரண்டு கையிலும் ரத்தம். வலது கையில் உடைந்த வளையல் துண்டு, கத்தி மாதிரி. ஸ்டேஷன்காரர்கள் தள்ளியே நின்றார்கள்.

இவர் பெட்டியோடு ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கக் குனிந்தார். அக்கா கண்ணாடியால் ஒரே இழுப்பு. இவர் மணிக்கட்டிலிருந்து ரத்தம் ஒழுகியது.

"கிட்ட வந்தே, கண்ண நோண்டிடுவேன்!"

"எங்க கொழந்தைம்மா அது!"

"இப்பதான் ஒருத்தன் மாமான்னு சொல்லிக்கினு வந்தான். அவன் மூஞ்சியப் போய்ப் பாரு. நீ அப்பான்னா நம்பிடணுமா?"

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. இது இடுப்புல இன்னா கட்டியிருக்கு?"

"சாவி" என்றேன்.

தீபக் கூட்டத்தில் ஜேப்படிக்காரர்கள் ஜாஸ்தி. ஒவ்வொன்றையும் இடம் பார்த்து வைக்கிறவள் நான். பெட்டிச் சாவியை மகளின் அரைஞாண் கயிற்றில் முடிந்து வைத்திருந்தேன்.

"எந்தப் பொட்டிக்கு?"

"தோ, அவர் கையில இருக்கற பெட்டிதான்க்கா."

"கீழ வெச்சிட்டுத் தள்ளி நிக்கச் சொல்லு."

குழந்தையை இடுப்பில் வைத்தபடியே அக்கா குனிந்து சாவியை உருவிப் பூட்டில் விட்டுத் திருகினார். விரல் ரத்தத்தில் வழுக்கியது. இரண்டாவது தடவை திறந்தது.

அதற்கப்புறம்தான் கண்ணாடித் துண்டைக் கீழே போட்டார்.

"புடிம்மா. சாவிய வெக்கத் தெரிஞ்சுது, கொழந்தைய வெக்கத் தெரியலியே!"

அப்படியே அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். அழுதது அப்போதுதான்.

ராமேஸ்வரம் போனோம். பஸ், ரயில், பாம்பன் பாலம்... எங்கேயும் மகளை மடியிலிருந்து இறக்கவில்லை.

எண்பதுகளில் அக்கா கடை போட்டார். வளையல் போட வந்த பெண்ணின் இடுப்பை ஒருத்தன் கிள்ள, அவன் விரலைப் பின்னால் மடக்கிவிட்டார். அவன் அலற, "மெதுவா கத்துடா, வியாபாரம் கெடுது" என்றார். பிடியை மட்டும் விடவில்லை.

ஒவ்வொரு தீபத்துக்கும் அவர் கடையில்தான் எனக்கு வளையல். கையைப் பிடித்தவுடன் முதல் கேள்வி, "சாவி எங்க?"

அவர் வலது உள்ளங்கையில் நெல் மாதிரி ஒன்று என் விரலில் தட்டுப்படும். அன்றைக்கு ஏறிய கண்ணாடிச் சில்லு. டாக்டர் கீறி எடுக்கிறேன் என்றதற்கு, "கெடக்கட்டும், அது இன்னா சோறா கேக்குது?" என்றுவிட்டார்.

இன்று போய்ப் பார்த்தேன். குளிப்பாட்டுவதற்கு முன்னால் கையைப் பிடிக்க விட்டார்கள். சில்லு அங்கேயே இருந்தது.

இவர் வெளியே தெருவில் நின்று மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தார். மகள் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறாள், எடுப்பதற்குள் வந்துவிடுவாள்.

போய்ட்டு வாங்கக்கா... சாவி பத்திரமா இருக்கு. கொழந்தையும்.