அண்ணாச்சி வீட்டு வாசலுக்கு வந்த ஐஸ் பெட்டி

சனிக்கிழமைக்குள் எனக்கு ஒரு கையெழுத்து வேண்டியிருந்தது. அதைப் போட வேண்டியவரோ, புதன்கிழமை காலையிலிருந்து தாராவி முழுக்கக் கேட்கிற மாதிரி என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி நின்று தலையாட்டியவர்களில் பாதிப்பேர் இதை வாசிக்கிற சபையார்தான். உங்களை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். கர்த்தர் எனக்குச் செய்ததைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் நடந்ததை நடந்தபடியேதான் சொல்வேன்.

என் பெயர் ஜெபக்கனி. வயது முப்பத்திரண்டு. பத்து வருஷம் ஒரு தோல் பைப் பட்டறையில் பசை ஒட்டும் வேலை பார்த்தேன். அந்த நெடியில் மூச்சிழுப்பு வந்துவிட்டது. இனிமேல் பசை டப்பா பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் செம்பூரில் ஒரு சமுதாயக் கல்லூரியில் மல்டிமீடியா டிசைனும் டிஜிட்டல் மார்க்கெட்டிங்கும் படிக்கச் சேர்ந்தேன். ஒரு வருஷப் படிப்பு.

வகுப்பில் எல்லாரும் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். மவுஸைப் பிடித்து ஒரு வட்டம் போடவே எனக்கு ஒரு வாரம் ஆனது. "ஆன்ட்டி, காப்பி பேஸ்ட் பீ நஹி ஆத்தா?" என்று, அதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி ஒருத்தி இந்தியில் கேட்க, கிளாஸே சிரித்தது. சரி, அவர்கள் அந்நியர்கள். நம் சபையில் மட்டும் என்ன வாழ்ந்தது? மாதர் சங்கத்து அக்கா ஒருவர், "பிள்ளையப் பள்ளிக்கூடம் அனுப்புத வயசுல இவ பையத் தூக்கிட்டுப் போறா" என்று என் காதுபடவே சொன்னார். நானும் திருப்பி ஒன்று கொடுத்தேன். அதை இங்கே எழுத முடியாது.

படிப்பு முடிய ஒரே ஒரு வேலைதான் பாக்கி. ஒவ்வொருவரும் வெளியே யாருக்காவது உண்மையாகவே விளம்பரம் செய்து கொடுத்து, அவர்களிடம் கையெழுத்துப் போட்ட கடிதம் வாங்கி வர வேண்டும். சனிக்கிழமைக்குள் கடிதம் கொடுக்காவிட்டால் சான்றிதழ் கிடையாது. மாட்டுங்காவில் ஒரு புடவைக் கடையில், சான்றிதழோடு வந்தால் ஆன்லைன் விளம்பர வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அது கைநழுவினால் எனக்கு மறுபடியும் பசை டப்பாதான் கதி.

சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற நம் அசனப் பண்டிகையை நான் எடுத்துக்கொண்டேன். அந்த வார ஞாயிறு அசனத்தில்தான் சபைச் செயலாளர் சாமுவேல் அண்ணாச்சிக்கு, இத்தனை வருஷம் செய்த சேவைக்காகப் பொன்னாடை போர்த்துவதாக ஏற்பாடு. கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவரே. பேனர் எப்படியிருக்க வேண்டும் என்று கேட்டேன். "என்னத்தையாவது போடு. என் முகம் தெளிவா இருந்தாச் சரி" என்றார்.

நம் பேனர்கள் எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேலே மேகம், புறா. இரண்டு பக்கமும் ரோஜா. நடுவில் கமிட்டிக்காரர்கள் அத்தனை பேர் முகமும். ஒரு முகம் கொஞ்சம் சின்னதாகிவிட்டால் ஒரு குடும்பமே சபை மாறிவிடும். கல்லூரியிலோ மேடம் வேறு மாதிரி சொல்லிக் கொடுத்தார். ஒரு முகம் போதும், இடத்தைக் காலியாக விடு, நிறத்தைக் குறை. எனக்கு அது வேதவாக்காகப் பட்டது. அண்ணாச்சி முகத்தைக் கறுப்பு வெள்ளையில் பெரிதாகப் போட்டேன். பின்னால் சுத்த வெள்ளை. ஓரத்தில் ஒற்றை லில்லிப் பூ. கீழே பெயர். பெயருக்குக் கீழே அவர் பொறுப்புக்கு வந்த வருஷமும் இந்த வருஷமும், நடுவில் ஒரு சின்னக் கோடு. அசன விவரமெல்லாம் மூலையில் பொடி எழுத்தில். இப்படி ஒரு பேனரைத் தாராவி கண்டதில்லை என்று எனக்குள் ஒரே பெருமை.

புதன்கிழமை காலை தெருமுனையில் அதைக் கட்டினார்கள். அதே நேரத்தில் நான் போனிலும் விளம்பரமாகப் போட்டேன். எந்தெந்த ஊர்க்காரர்கள் பார்க்க வேண்டும் என்று இடத்தைக் குறிக்கக் கற்றுக் கொடுத்திருந்தார்கள். தாராவி, சயான், மான்குர்த் என்று ஆரம்பித்துத் திருநெல்வேலி வரை குறித்தேன்.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பக்கத்துப் பட்டறை பாய் மரியாதைக்காக மிஷினை நிறுத்திவிட்டார். வாடகை நாற்காலி வந்து இறங்கியது. ஊரிலிருந்து அண்ணாச்சியின் மைத்துனர்கள் போனில் கதறினார்கள். யாரோ ஒரு மகராசன் ஐஸ் பெட்டிக்கும் சொல்லிவிட்டார். பிணம் வைக்கிற அந்தப் பெட்டி வண்டியிலிருந்து இறங்கியபோது, அண்ணாச்சி வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

கண்ணீர் அஞ்சலி பேனர்! நம் தெருவில் கறுப்பு வெள்ளை முகத்தை எதற்கு வைப்பார்கள், அதன் கீழே இரண்டு வருஷத்தை எதற்குப் போடுவார்கள் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? படித்த திமிர் கண்ணை மறைத்துவிட்டது.

வாயில் நுரையோடேயே அண்ணாச்சி என் வீட்டுக்கு வந்தார்.

"ஏட்டி ஜெபக்கனி! உயிரோட இருக்கவன பொட்டிக்குள்ள அனுப்பப் பாத்தியே, மூதி! ஒனக்கு நான் என்னட்டி பாவம் செஞ்சேன்?"

"தெரியாம செஞ்சிட்டேன், அண்ணாச்சி."

"தெரியாதவளுக்கு எதுக்குட்டி டிசைனு? லெட்டரு கேட்டியே லெட்டரு. நான் செத்தாலும் கையெழுத்துப் போட மாட்டேன், போ!"

கூட்டத்தில் ஒருவர் களுக்கென்று சிரித்துவிட்டார். அவருக்கும் விழுந்தது. இனிமேல் என்னைக் கொயரில் பாட நிற்க விடக் கூடாது என்று அந்த இடத்திலேயே இரண்டு கமிட்டிக்காரர்கள் தீர்மானித்தார்கள். நேற்று வரை என் வீட்டில் காபி குடித்தவர்களும் அவர்களோடு சேர்ந்து தலையாட்டினார்கள். அது யார் யார் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

கதவைச் சாத்திவிட்டு அடுப்படியில் முழங்காலில் விழுந்தேன். அழகான ஜெபம் என்று நினைத்துவிடாதீர்கள். சண்டைதான் போட்டேன். "ஆண்டவரே, பத்து வருஷம் பசையை மோந்தேன், நீர் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்? மூச்சு போய் இதையாவது படித்தேன், அதையும் பிடுங்குகிறீரா? அந்த மனுஷன் வாயை அடையும். அவர் கையாலேயே கையெழுத்துப் போட வையும். இல்லாவிட்டால் இந்தச் சபைப் படியை நான் மிதிக்க மாட்டேன்." அழுது அழுது மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஒரு ஆறுதலும் வரவில்லை. போய் மன்னிப்புக் கேள் என்று மட்டும் உள்ளே ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுந்து போனேன். எதற்கும் இருக்கட்டும் என்று கடிதத்தையும் மடித்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

அண்ணாச்சி வீட்டு வாசலில் ஐஸ் பெட்டி அப்படியே கிடந்தது. அதைத் திருப்பி எடுத்துப் போகச் சொல்லி வண்டிக்காரனோடு யாரோ இந்தியில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே கால் வைப்பதற்குள் சந்து முனையில் ஓர் அலறல். கையில் ரோஜா மாலையோடு ஒருவர் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடி வந்தார். காலில் செருப்பு இல்லை. வந்த வேகத்தில் அந்த வெறும் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விழுந்தார்.

"அண்ணே! அம்மா மூஞ்சியத்தான் எனக்குக் காட்டாம புதைச்சே. ஒன் மூஞ்சியையாவது பாத்துரணும்னு ஓடியாந்தேனே!"

அவர் அண்ணாச்சியின் தம்பி தர்மராஜ். மான்குர்த்தில் இருக்கிறார். பதினோரு வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சில்லை. ஊரில் அம்மா இறந்தபோது, தம்பி ரயிலில் வந்துகொண்டிருக்கும்போதே அண்ணாச்சி அடக்கத்தை முடித்துவிட்டாராம். அன்றைக்கு அறுந்தது அந்த உறவு. நான் மான்குர்த்தைக் குறித்ததால் என் விளம்பரம் அவர் போனுக்குப் போயிருக்கிறது.

உள்ளிருந்து அண்ணாச்சி வந்தார். என்னைத் திட்டத் திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

"எந்திரிலே," என்றார். "நான் சாவல."

தம்பி நிமிர்ந்து பார்த்தார். மாலையைத் தூக்கித் தரையில் வீசினார்.

"சாவாதவனுக்கு எதுக்குவே போஸ்டரு?"

இரண்டு பேரும் கட்டிப் பிடித்து அழுதார்கள் என்று எழுதினால் உங்களுக்கு நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். பதினோரு வருஷத்துச் சண்டையை நடுச்சந்தில், ஐஸ் பெட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று போட்டார்கள். ஏன் காத்திருக்கவில்லை, ஏன் ஒரு போன் செய்யவில்லை, உன் பிள்ளை கல்யாணத்துக்கு ஏன் சொல்லவில்லை. அம்மா உடம்பு கெட ஆரம்பித்துவிட்டதை அன்றுதான் அண்ணாச்சி சொன்னார். "அந்தக் கோலத்துல அவள நீ பாக்கக் கூடாதுன்னுதாம்லே..." என்று சொல்லி, முடிக்க முடியாமல் படியில் உட்கார்ந்துவிட்டார். தம்பியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். யாரும் யாரையும் தொடவில்லை. அண்ணாச்சி வீட்டம்மா ரூபி அக்கா உள்ளே போய் இரண்டு தட்டில் சோறு போட்டார்.

நான் நழுவப் பார்த்தேன். ரூபி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு பேரும் சேரணும்னு வெள்ளிக்கிழம தோறும் பட்டினி கெடந்து ஆண்டவர்ட்ட கேட்டேன்ட்டி. பதினோரு வருஷம். ஒனக்குத் தெரியாது" என்றார். என் கையிலிருந்த கடிதத்தைப் பிரித்து, அண்ணாச்சியின் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "போடும்" என்று ஒரே வார்த்தை.

"என்னக் கொன்னவளுக்கு நானே கையெழுத்துப் போடணுமா?" என்றார் அண்ணாச்சி. ஆனால் போட்டார். விளம்பரம் உரியவர்களைச் சென்று சேர்ந்ததா என்று அதில் ஒரு கேள்வி இருக்கும். போதும் போதும் என்கிற அளவுக்குச் சேர்ந்தது என்று எழுதினார். அதைப் படித்து மேடம் வாய்விட்டுச் சிரித்தார்.

அன்றைக்கு அடுப்படியில் நான் கேட்டது என் காரியத்தை மட்டும்தான். அதுவும் கோபத்தில் கேட்டது. ரூபி அக்கா பொறுமையாகக் கேட்டார். இரண்டு பேருக்கும் ஒரே நாளில், என் மடத்தனத்தை வைத்தே பதில் வந்தது. இதற்கு என்ன விளக்கம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஸ்தோத்திரம் சொல்லத்தான் தெரிகிறது. சான்றிதழ் வந்தது. மாட்டுங்கா கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். மூச்சு இப்போது சீராக இருக்கிறது. அண்ணாச்சி இன்றைக்கும் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். திருப்பட்டும். வெள்ளிக்கிழமைகளில் நான் அவர் வீட்டில்தான் ரூபி அக்காவோடு ஜெபத்தில் இருக்கிறேன்.

மனதில் கசப்போடு இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மனது சுத்தமானால்தான் ஜெபிப்பேன் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். கோபம் வந்தால் கோபத்தோடேயே போய்க் கேளுங்கள். அவர் பயப்பட மாட்டார்.

எனக்கு ஒரு அக்கா, சயானில் இருக்கிறாள். நாலு வருஷமாகப் பேச்சில்லை. காரணத்தை எழுதினால் நீங்கள் என் பக்கம்தான் பேசுவீர்கள், அதனால் எழுதவில்லை. போன வெள்ளிக்கிழமை ஜெபம் முடிந்ததும் அவளுக்குப் போன் போட்டேன். எடுத்தாள். என் குரலைக் கேட்டதும் திட்ட ஆரம்பித்தவள், அரை மணி நேரம் மூச்சுவிடாமல் திட்டினாள். ஆனால் போனை மட்டும் வைக்கவில்லை.