அவளுக்கு மேலே எனக்கிருந்த இடம்

செத்தவங்க கூப்பிட்டா ஒரே தடவையில பதில் சொல்லக்கூடாதும்பாங்க எங்க பக்கம். மூணு தடவை கூப்பிட்டாத்தான் மனுசக் குரலாம். நாங்க வேதக்காரங்க, அந்தப் பயமெல்லாம் எங்களுக்கில்லைன்னு ஊருக்குள்ள வாய் கிழியப் பேசினவன் நான். என்ற ஊட்டுக்காரி போனதுக்கப்புறம், பொழுது சாயற நேரத்துல, அடுப்படிப் பக்கமிருந்து "ஏனுங்க"ன்னு ஒரே ஒரு தடவை கேக்கும். நான் யோசிக்கறதே இல்லை. "வாரேன்"னு எந்திரிச்சுருவேன்.

எனக்குக் காது பாதி மந்தம். பம்ப்செட் கம்பெனியில லேத்துக்கு முன்னாடி நின்னே ஆயுசு போச்சு. காலிங் பெல் கேக்காது, போன் அடிச்சாக் கேக்காது. சூலூர்ல இருக்கறதால தலைக்கு மேல ஏர்போர்ஸ் விமானம் போனா மட்டும் கொஞ்சம் தெரியும். அந்தக் காதுலதான் அவ குரல் பளிச்சுனு விழும். உசுரோட இருந்தப்ப எத்தனை கத்தினாலும் எனக்கு எட்டாது. செவிட்டு மனுசனுக்கு வாக்கப்பட்டு என் தொண்டை போச்சும்பா. செத்தப்புறம் ஒரு கூப்பாட்டுக்கே ஓடறேன். அவ இருந்திருந்தா இதைச் சொல்லிச் சொல்லியே ஒரு வாரம் சிரிச்சிருப்பா.

"ஏனுங்க"ன்னா ஜெபத்துக்கு வாங்கன்னு அர்த்தம். லைட்டைப் போட்டு, பாயை விரிச்சு, ரெண்டு பேரும் உக்காந்து ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், அப்புறம் ஜெபம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ரெண்டு பேர் குரலுக்கு அந்த ஊடு அளவாத்தான் இருந்துச்சு. அவ ஜெபத்துல கேக்கறது கம்மி, நன்றி சொல்றதுதான் ஜாஸ்தி. மழை பேஞ்சா மழைக்கு நன்றி; பேயலைன்னா கெணத்துல மிச்சமிருக்கற தண்ணிக்கு நன்றி. ஏதாச்சும் கேளு அம்மணி, அவருக்கும் வேலை வேணுமல்லன்னு நான் கேலி பண்ணுவேன். கண்ணை மூடிக்கிட்டே என் தொடையில ஒரு கிள்ளு கிள்ளுவா.

இந்தக் கூப்பாட்டைப் பத்தி எங்க ஆயர்கிட்டச் சொன்னேன். அது பிசாசோட தந்திரம், காது குடுக்காதீங்கன்னார். பிசாசு ஒருத்தனை ஜெபத்துக்குக் கூப்பிடுங்களான்னு கேட்டேன்.

இப்ப அந்த இடத்தைப் பத்திச் சொல்லணும். எங்க சபைக் கல்லறைத் தோட்டம் நெறஞ்சுபோன தோட்டம். ஒரு பக்கம் தறிக்கூடம், ஒரு பக்கம் ரோடு, மத்ததெல்லாம் ஊடு. புதுசா ஒரு குழிக்கு வழியில்லை. அதனால கமிட்டியில ஒரு ஏற்பாடு வெச்சிருக்காங்க: ஆழமாத் தோண்டி, கீழே ஒருத்தரை வெச்சு, மண்ணைப் போட்டு மூடி, பின்னால அதே குடும்பத்துல இன்னொருத்தர் போனா மேல வெக்கறது. எங்க மண்ணோ சுக்காம்பாறை, கடப்பாரை போட்டாத் தீப்பொறி பறக்கும். அவளுக்குக் குழி வெட்ட வந்தவங்க பாதியிலயே போதும்னாங்க. நான் விடலை. பொண்டாட்டியைப் பறிகுடுத்தவன்னும் பாக்காம அங்கேயே நின்னு சண்டை போட்டேன். ரெண்டு பெட்டிக்கு ஆழம் கண்டப்புறம்தான் அவளை எறக்கவுட்டேன்.

லோயர் பர்த் அவளுக்கு, அப்பர் பர்த் எனக்கு, டிக்கெட் கன்பர்ம்னு பாக்கறவங்ககிட்டல்லாம் சொல்லுவேன். சிரிப்பாங்க. எனக்கு அது சிரிப்பில்லீங்க. கடைசி நாள்ல எக்காளம் ஊதும், மரிச்சவங்க எழுந்திருப்பாங்கன்னு நம்பறவங்க நாங்க. என் காதுக்கு அந்த எக்காளம் எங்கே கேக்கப்போகுது? அவதான் கீழே இருந்து "ஏனுங்க"ன்னு ஒரு குரல் குடுக்கணும். நான் முதல்ல எந்திரிச்சு, அவளுக்குக் கையைக் குடுத்துத் தூக்கிவுடணும். பைத்தியக்கார நெனப்புத்தான். ஆனா அந்த நெனப்பை வெச்சுத்தான் நான் சோறு தின்னு தூங்கி எந்திரிச்சுக்கிட்டிருந்தேன். கல்லுல முதல்ல அவ பேரு. அதுக்குக் கீழே என் பேருக்குன்னு வெறும் இடம் வுட்டு வெச்சிருந்தேன்.

எங்க ஊட்டுக்குப் பின்னாடி லைன் வீடுக. ஜார்க்கண்டுப் பசங்க ஒரு ரூமுக்கு நாலஞ்சு பேர்னு இருந்தாங்க, எல்லாம் தறி வேலை. அதுல ஒருத்தன், இருவது இருவத்தொண்ணு வயசிருக்கும், ஞாயித்துக்கிழமை தவறாமச் சபைக்கு வருவான். கடைசி பெஞ்சுல என் பக்கத்துலதான் உக்காருவான். பிரசங்கம் கேக்காதவனுக்கும் பிரசங்கம் புரியாதவனுக்கும் கடைசி பெஞ்சுதானுங்களே. ஆனா பாட்டு ஆரம்பிச்சா ராகம் அவனுக்குத் தெரியும். நாங்க தமிழ்ல பாட, அவன் அதே ராகத்துல அவன் பாசையில பாடுவான். வெளிய வந்தா சாப்டாச்சான்னு நான் கேப்பேன், சாப்டேன் அய்யாம்பான். எங்களுக்குள்ள இருந்த பேச்சு அவ்வளவுதான். என் ஊட்டுக்காரியை அவன் பாத்ததே இல்லை.

ஐப்பசி மழையில அவனுக்குக் காய்ச்சல் கண்டுச்சு. மாத்திரையைப் போட்டுக்கிட்டு வேலைக்குப் போனான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனப்பக் கைமீறிப்போச்சு. அவங்கூட இருந்தவங்கள்ல ஒருத்தர் இங்க வந்து பல வருசமானவர், தமிழ் சுமாராப் பேசுவார். அவர்தான் என் ஊட்டுக்கு வந்து நின்னார். அத்தனை தூரம் பொணத்தைக் கொண்டுபோக வழியில்லையாம். போன்ல அம்மாக்காரி சொன்னது ஒண்ணே ஒண்ணாம்: அங்கேயே, சிலுவை இருக்கற இடத்துல வையுங்க.

அவரைக் கூட்டிக்கிட்டுக் கமிட்டிக்குப் போனேன். கமிட்டிக்காரங்க கெட்டவங்க இல்லீங்க, இடமில்லாதவங்க. பையன் பேரு சபையில பதிவில்லை, புதுக்குழிக்கு மண்ணில்லைன்னாங்க. ஏதாவது குடும்பம் மனசு வெச்சு அவங்க கல்லறையில சேத்துக்கிட்டா ஆட்சேபணை இல்லைன்னார் செயலாளர். சொல்லிப்போட்டு எல்லாரையும் ஒரு பார்வை பாத்தார். எல்லாரும் தரையைப் பாத்தாங்க. ஒருத்தர் மின்மயானம் இருக்குதேன்னார். இன்னொருத்தர் அவன் ஊர்ல எந்தச் சபைன்னு விசாரிக்கணும்னார். போன ஞாயித்துக்கிழமைதான் இதே ஆளுங்க அண்ணன் தம்பின்னு கைகோத்துப் பாடினாங்க. எனக்குச் சுர்ருனு ஏறிப்போச்சு.

"என்ற இடத்தைக் குடுத்துப்போட்டேன். அங்க வையுங்க"ன்னேன்.

அன்புல சொல்லலீங்க. கோவத்துல சொன்னேன். அத்தனை பேர் மூஞ்சியிலயும் கரி பூசணும்னு சொன்னேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு அவ என்னைச் சொல்லாத நாளில்லை. வெளிய வந்து செருப்பைத் தேடறப்பத்தான் என்ன சொல்லிவெச்சிருக்கேன்னு எனக்கே ஒறைச்சுது. அதுக்குள்ள அந்தப் பையனோட கூட்டாளி குனிஞ்சு என் காலைத் தொட்டுட்டார். அப்புறம் எப்படிங்க வாபஸ் வாங்கறது?

சேதி அன்னிக்கே தாராபுரத்துல இருக்கற என் கொழுந்தியாளுக்குப் போயிருச்சு. அவ போன் பண்ணினா, சட்டைப்பையில அதுர்றதை வெச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். திட்டுவான்னு நெனச்சுப் போனைக் காதுல நல்லா அமுக்கிப் பிடிச்சேன்.

"மாமா, அக்காளைக் கேட்டீங்களா?"

அவ்வளவுதான் கேட்டா. போனை வெச்சுப்போட்டா.

மறுநாள் குழியைத் தொறந்தாங்க. ஒருக்காத் தோண்டின மண்ணுங்கறதால கடப்பாரைக்கு வேலையில்லை, மம்பட்டியிலயே வந்துச்சு. நான் மதில் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டேன். மனசு கேக்கலை, கடைசியில எட்டிப் பாத்தேன். அவ பெட்டி தெரியலை. ஈர மண்ணுதான் சமமாக் கெடந்துச்சு, பாய் விரிச்ச மாதிரி. நான் சண்டை போட்டு வாங்கின ஆழம். அதுல அவனை எறக்கினாங்க. ஆயர் தமிழ்ல ஜெபம் பண்ணினார், அவன் கூட்டாளிங்க அவங்க பாசையில பாடினாங்க. நான் மனசுக்குள்ள அவகிட்டச் சொன்னேன்: உன்னைக் கேக்காமச் செஞ்சுபோட்டேன், உன் பாசை அவனுக்குத் தெரியாது, அவன் பாசை உனக்குத் தெரியாது, சித்தெ அனுசரிச்சுக்கன்னேன்.

அன்னிக்குப் பொழுது சாஞ்சுது. லைட்டைப் போட்டேன், பாயை விரிச்சேன். உக்காந்திருந்தேன்.

கூப்பிடலை.

களைப்புல நமக்குத்தான் கேக்கலையோன்னு அடுப்படிக்கே போய் நின்னேன். கழுவிக் கவுத்த டம்ளரு, கேஸ் அடுப்பு, ஜன்னல்ல பின்னாடி வீட்டு வெளிச்சம். மறுநாளும் அப்படித்தான். அதுக்கடுத்த நாள் தாங்க முடியாம, கூப்பிடாதவளுக்கு நானே "வாரேன்"னு சத்தமாச் சொல்லிப் பாத்தேன். என் குரலே எனக்குப் புடிக்கலை. சங்கீதத்தை எடுத்தா வரி ஓடலை. கண்ணை மூடினா கொழுந்தியா கேட்ட கேள்விதான் நிக்குது. பேய் இருக்கற ஊடுன்னு சில ஊட்டைச் சொல்லுவாங்க. பேய் இருக்கற ஊடு தேவலைங்க. பேயும் கோவிச்சுக்கிட்டுப் போயிட்ட ஊட்டுல குடியிருந்து பாருங்க, தெரியும்.

சபையில ஆனா என் கொடி பறந்துச்சு. போதுமென்ற மனசுக்கு நம்ம சபையிலயே ஒரு உதாரணம் இருக்குதுன்னு ஆயர் பிரசங்கத்துல சொன்னாராம். எனக்குக் கேக்கலை. முன்பெஞ்சுல திரும்பிப் பாத்துச் சிரிச்சாங்க, அதுல தெரிஞ்சுக்கிட்டேன். ஸ்தோத்திரப் பண்டிகையில சாட்சி சொல்லக் கூப்பிட்டாங்க. மைக்கைப் பிடிச்சு, ஆண்டவர் எனக்குக் குடுத்தது போதும், ஒரு குறையுமில்லைன்னேன். ஆமென் ஆமென்னாங்க. ஒரு அம்மா வந்து கையைப் பிடிச்சு, பிள்ளையில்லாத உங்களுக்கு ஆண்டவர் ஒரு மகனைக் குடுத்துட்டாருன்னாங்க. அவனுக்குப் பெத்தவங்க இருக்காங்கன்னு வெடுக்குனு சொல்லிப்போட்டு வந்தேன். அவன் மேல எனக்குப் பாசமெல்லாம் இல்லை. உள்ளதைச் சொன்னாப் பொறாமைதான் இருந்துச்சு. என் பொண்டாட்டிக்குப் பக்கத்துல படுத்திருக்கறவன் அவன்.

அடுத்த வருசம் மழை விட்ட கையோட அவங்கம்மா வந்தாங்க. ரயில்ல வந்து எறங்கின களைப்போட, கையில ஒரு மஞ்சப்பை, கால்ல ரப்பர் செருப்பு, என் தோளுக்குக் கீழே நிக்கற ஒரு சின்ன உருவம். தமிழ் தெரிஞ்ச அந்தக் கூட்டாளிதான் கூட்டிக்கிட்டு வந்தார். ஒரு வாய் காப்பி குடிக்கச் சொன்னேன், வேண்டாம்னு தலையாட்டிட்டாங்க. நேராக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம்.

அழுவாங்கன்னு நெனச்சேன். அழலை. கல்லுக்கு முன்னாடி சம்மணம் போட்டு உக்காந்துக்கிட்டு மகன்கிட்டப் பேச ஆரம்பிச்சாங்க. பேச்சுப் பாதி திட்டற மாதிரி இருந்துச்சு. ஏன்டா சாப்பிடலை, ஏன்டா போன் பண்ணலைன்னு கேக்கற குரல் எந்தப் பாசையா இருந்தாத்தான் தெரியாது? நான் எப்பவும் போலக் கையைக் கட்டிக்கிட்டுத் தள்ளி நின்னேன். அவனை வெச்சதுல இருந்தே அங்க வந்தா அப்படித்தான் நிப்பேன், அடுத்தவங்க ஊட்டுக்கு வந்தவனாட்டம்.

கொஞ்ச நேரம் கழிச்சுக் கல்லைத் தடவி, இதுல எது மகன் பேருன்னு கேட்டாங்க. கூட்டாளி கீழ்வரியைக் காட்டினார். எனக்குன்னு வுட்டு வெச்சிருந்த இடத்துலதான் அவன் பேரை வெட்டச் சொல்லியிருந்தேன். அப்ப மேல இருக்கறது ஆரு பேருன்னு கேட்டாங்க. அய்யாவோட ஊட்டுக்காரம்மான்னு சொன்னார் போல. அந்தம்மா கல்லைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க, மறுபடி கல்லைப் பாத்தாங்க. அப்புறம் ஏதோ கேட்டாங்க. கூட்டாளி அதை எனக்குச் சொல்லத் தயங்கினார். சொல்லுங்கன்னேன்.

"அய்யா எங்கே படுப்பாருன்னு கேக்கறாங்க."

ஆயர் அதைக் கேக்கலை. கமிட்டி கேக்கலை. ஆமென் சொன்ன அத்தனை பேர்ல ஒருத்தர் கேக்கலை.

"எனக்கு இடமில்லீங்கம்மா"ன்னேன்.

கூட்டாளி மொழிபெயர்க்கறதுக்கு முன்னாடியே அவங்களுக்குப் புரிஞ்சுபோச்சு. பஸ்ல ஆளுக்கு இடம் விடற மாதிரி மெல்லத் தள்ளி உக்காந்து, பக்கத்து மண்ணை உள்ளங்கையால ரெண்டு தட்டுத் தட்டினாங்க. எங்க கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவுல ஒரு ஆள் ஒடுங்கி உக்கார்ற அளவுக்குத்தான் மண்ணு. முட்டி வலியோட, கல்லைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தேன்.

அவங்க திரும்பி விட்ட இடத்துல இருந்து மகன்கிட்டப் பேச ஆரம்பிச்சுட்டாங்க. நானும் வாயைத் தொறந்தேன்.

"கோவிச்சுக்கிட்டயா அம்மணி? சபையில போதும்னு சொன்னேன், அது பொய்யி. எனக்குப் போதலை. எனக்கு உன்ற பக்கத்துல இடம் வேணும்."

பதில் வரலை. அந்தம்மாளுக்கும் வரலை. தறிக்கூடத்துல சாப்பாட்டுக்குத் தறியை நிறுத்தற வரைக்கும் ரெண்டு பேரும் அங்கேயே உக்காந்து பேசிக்கிட்டிருந்தோம்.