ஹென்னிங்கின் நோட்டில் முதல் சொல்

ஹென்னிங்கை எங்கள் ஊரில் எல்லோரும் ஹென் என்றுதான் கூப்பிட்டார்கள். எங்கள் பேச்சில் அதற்குத் 'தெரிகிறது' என்று பொருள். ஒன்றும் தெரியாத ஆளுக்கு நல்ல பேர்தான் வாய்த்தது என்று அவருடைய மச்சான், புன்மாவின் அண்ணன், கிண்டல் செய்வான்.

டென்மார்க்கில் படகு எஞ்சின் பழுது பார்த்துவிட்டு, ஐம்பத்தெட்டு வயதில் தாய்லாந்தில் எங்கள் சீசகேத் பக்கம் வந்து சேர்ந்தவர். பஸ் ஸ்டாண்டு எதிரே நூடுல்ஸ் கடை போட்டிருந்த விதவை புன்மாவோடு குடித்தனம். நான் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். அதனால் ஊருக்கும் அவருக்கும் நடுவில் நான்தான் வாய்.

முதன்முதலாகக் கோயிலுக்கு வந்த நாளில், மனுஷன் புத்தர் சிலைக்கு நேராகக் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். புன்மா தன் துண்டை எடுத்து அந்தப் பெரிய பாதங்களின் மேல் போர்த்தினாள். இன்னொரு நாள் ஊர்த் தலைவரின் தலையில் செல்லமாகத் தட்டினார். தலைவர் சிரித்தார். அந்தச் சிரிப்பின் அர்த்தம் எங்களுக்குத் தெரியும், ஒரு மாதம் ஹென் வீட்டுப் பக்கம் யாரும் போகவில்லை.

ஹென்னும் லேசுப்பட்டவர் இல்லை. ஒரு நோட்டு வைத்திருந்தார். காலை நீட்டாதே, தலையைத் தொடாதே, செருப்பை வாசலில் விடு என்று வரிசையாக எழுதிக்கொள்வார். சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து கேட்பார்.

"வாத்தியாரே, நேத்து தலைவர் வீட்ல நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

"பரவாயில்ல ஹென்."

"பரவாயில்லன்னா தப்பு இல்லன்னுதானே?"

"ஆமா ஆமா."

அந்த நோட்டின் முதல் பக்கத்தில் முதல் சொல்லாக அவர் எழுதியிருந்தது அதைத்தான். பரவாயில்லை: தப்பு ஒன்றுமில்லை. அதில் பாதிதான் உண்மை. தப்புதான், மனசு நொந்துதான் போச்சு, ஆனால் உன் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டேன் என்பதும் அதே சொல்தான். அந்த மிச்சத்தை யார் சொல்லித் தருவது? வழி கேட்டால்கூட, தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு ஏதோ ஒரு பக்கம் கை காட்டுகிற ஜனங்கள் நாங்கள். அப்படி நம்பி ஹென் எத்தனையோ தடவை யார் யாருடைய வயலிலோ போய் நின்றிருக்கிறார்.

கல்யாணத்தன்று பெரியவர்கள் அவர்கள் இருவரின் மணிக்கட்டிலும் வெள்ளை நூல் கட்டினார்கள். புன்மா அன்று அழகாக இருந்தாள். ஹென் கை நிறைய நூலோடு என் பக்கம் குனிந்து கேட்டார்.

"இவ்வளவுதானா வாத்தியாரே? ஆபீஸ்ல எதுவும் எழுத வேண்டாமா?"

எழுத வேண்டும். பாங்காக் போய்த் தூதரகத்தில் கடிதம் வாங்கி, மாவட்ட ஆபீஸில் பதிந்தால்தான் சட்டப்படி மனைவி. ஏன் என்று கேட்பார். நாளைக்கு நீங்கள் செத்தால், என்று ஆரம்பிக்க வேண்டும். கல்யாண வீட்டில், நூல் கட்டிய கையைப் பார்த்துக்கொண்டு, எந்த நாக்கால் சொல்வது?

"எல்லாம் முடிஞ்சுது ஹென்," என்றேன்.

பிறகு சொல்லலாம் என்று விட்டேன். பிறகு சொன்னால் அன்று பொய் சொன்னது தெரிந்துவிடும். மரியாதை மரியாதை என்று என் முகத்தைத்தான் காப்பாற்றிக்கொண்டேன். பதினொரு வருஷம் போனது.

இந்த மே மாதம் தண்ணீர் பம்பைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தவர் அப்படியே சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மறுநாள் காலையில் உயிர் போனது. புன்மா வண்டி பிடித்து வந்து நின்றாள். ரத்த உறவுக்கோ பதிந்த மனைவிக்கோதான் உடலைத் தர முடியும் என்றார்கள். டென்மார்க்கில் இருக்கும் மகன் கடிதம் அனுப்பினால் ஆகும். அப்பனோடு பேச்சு வார்த்தை இல்லாத மகன்.

ஒன்பது நாள். தினமும் காலையில் சின்னக் கூடையில் ஒட்டரிசிச் சோறும் வறுத்த மீனும் கொண்டுவந்து பிணவறைக் கதவுக்கு வெளியே வைத்தாள். கதவை மெல்லத் தட்டி, "சாப்பிட வாங்க," என்பாள். காவல்காரன் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொள்வான்.

"வீட்டுக்குக் கொண்டுபோய் மந்திரம் ஓதலன்னா என்ன ஆகும் வாத்தியாரே?" என்று ஒரு நாள் கேட்டாள். "அவருக்கு வழி தெரியாது. யார்கிட்டயாவது கேப்பாரு. அவங்களும் சும்மா கை காட்டிடுவாங்க."



பத்தாம் நாள் கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் நாலே வரி. அப்பாவின் வேலைக்காரி புன்மா உடலைப் பெற்று அங்கேயே தகனம் செய்ய ஆட்சேபணை இல்லை.

"என்னை என்னன்னு எழுதியிருக்கான்?" என்றாள்.

"வீட்டு ஆளுன்னு," என்றேன்.

அவள் முகம் கொஞ்சம் மலர்ந்தது. ஒருநாளும் பார்க்காத பையனை, "நல்ல புள்ள," என்றாள்.

ஆபீஸ் பெண் கடிதத்தைப் பார்த்துப் படிவத்தை நிரப்பி, உரக்கப் படித்தாள். "பேரு புன்மா. இறந்தவருக்கு உறவு, வேலைக்காரி. சரிதானே அக்கா?"

புன்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவள் மணிக்கட்டில் பழைய நூல் ஒன்று அழுக்கேறிக் கிடந்தது.

"சரிதான்மா," என்று கையெழுத்துப் போட்டாள்.

பிக்கப்பின் பின்னால் பெட்டியோடு அவள் உட்கார்ந்தாள். நானும் எதிரே உட்கார்ந்தேன். வழி நெடுக, பெட்டியின் மேல் கை வைத்து அவருக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். "பாலம் வருது, தாண்டுங்க. இங்க இடது பக்கம். இது நம்ம பஸ் ஸ்டாண்டு. யாரையும் கேக்காதீங்க, என் பின்னாடியே வாங்க."

கோயில் வாசலில் வண்டி நின்றபோது எனக்குத் தாங்கவில்லை.

"புன்மா, கல்யாணத்தன்னைக்கே அவர் கேட்டாரு. ஆபீஸ்ல எழுதணுமான்னு கேட்டாரு. நான்தான் வேண்டாம்னுட்டேன்."

பெட்டியை இறக்க ஆட்கள் வந்தார்கள். அவள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஊர்த் தலைவர் அன்று சிரித்த அதே சிரிப்பு.

"பரவாயில்ல வாத்தியாரே."