நான் அழித்த புள்ளி

பஸ் நிறுத்தத்தில் பஸ் நிற்காது. மதுரைக்காரனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பலகையைத் தாண்டி நூறடி, இருநூறடி போய்த்தான் டிரைவர் பிரேக்கில் கால் வைப்பார். நாம் ஓட வேண்டும். ஓடி ஓடிப் பழகி, ஓடுகிறோம் என்பதே நமக்கு மறந்துவிட்டது. எனக்கும் மறந்திருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில வருடங்கள். பழங்காநத்தத்தில் ஒரு மாடியில், கம்ப்யூட்டரில் வரைபடம் போடும் சின்ன அலுவலகத்தில் இருந்தேன். புதிதாக விடப்போகும் மினிபஸ் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று படம் வைத்துச் சொல்வது வேலை. இல்லாதவர், முடியாதவர் எல்லாருக்கும் பஸ் என்று காகிதத்தில் பெரிதாக எழுதியிருந்தார்கள். செய்முறை இவ்வளவுதான்: ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு புள்ளி. புள்ளியைச் சுற்றி ஐநூறு மீட்டருக்கு மென்பொருள் ஒரு வட்டம் போடும். வட்டத்துக்குள் வரும் வீடெல்லாம் பச்சை, அவர்களுக்கு பஸ் இருக்கிறது, ஒன்றும் செய்ய வேண்டாம். வெளியே இருப்பது சிவப்பு, அங்கேதான் மினிபஸ் விட வேண்டும்.

அவனியாபுரத்துக்குத் தெற்கே ஒரு குடியிருப்பு. அங்குள்ள நிறுத்தத்தைச் சரிபார்க்க ஜிபிஎஸ் கருவியோடு போனேன். செவ்வாய்க்கிழமை, உச்சி வெயில். கருவேலங்காட்டுக்கு நடுவே தார் ரோடு, ஒரு இரும்புப் பலகை, இருபது பேர். புள்ளியைப் பதிந்தேன். பஸ் வந்தது, தாண்டிப் போய் நின்றது, எல்லாரும் ஓடினார்கள். நானும் ஓடினேன். படியில் தொற்றிக்கொண்டு திரும்பிப் பார்த்தேன்.

புழுதி அடங்கியது. பலகைக்கு அடியில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். பஸ்ஸை அவர்கள் பார்க்கவில்லை. அது வந்த திசையையே பார்த்தபடி, அசையாமல் இருந்தார்கள். ஒரு கை உயரவில்லை. ஒரு சத்தம் இல்லை.

"அண்ணே, அங்க ஆள் நிக்கிறாக" என்றேன் கண்டக்டரிடம்.

எட்டிப் பார்த்தார். நேராக அவர்களைத்தான் பார்த்தார். "அங்க யாரு நிக்கிறா? உள்ள ஏறுங்க."

என்னோடு ஓடிவந்தவரைக் கேட்டேன். அவரும் பார்த்தார். "யாருமில்லையே தம்பி."



அடுத்த செவ்வாய் திரும்பப் போனேன். அதே மூன்று பேர், அதே இடம், அதே பார்வை. நடுவில் ஒரு வாரம் போகவே இல்லை என்பதுபோல. பக்கத்தில் போன பிறகுதான் ஆட்களாகத் தெரிந்தார்கள். ஊதுபத்திப் பையோடு கண் தெரியாத ஒருவர். நடக்க வராத பத்து வயது மகளை இடுப்பில் சுமந்த ஒரு தாய். கக்கத்தில் கட்டை ஊன்றி, பலகைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு அக்கா. சர்க்கரைக்கு ஒரு கால் எடுத்தாயிற்று. இன்னொரு காலிலும் புண். செவ்வாய்தோறும் பெரியாஸ்பத்திரியில் கட்டு மாற்றாவிட்டால் அதுவும் போய்விடும்.

"எம்புட்டு நேரமா நிக்கிறீக?"

"காலையில இருந்துதான். ஏதாச்சும் ஒரு டிரைவரு மனசு வச்சு இங்கனயே நிப்பாட்டுவாரு. போன மாசம் ஒருத்தரு நிப்பாட்டுனாரு" என்றார் அக்கா.

"அதுவும் டயரு பஞ்சரு தம்பி" என்றார் கண் தெரியாதவர்.

"ஊருக்குள்ளயே மினிபஸ் வரும்க்கா. நான் பாத்துக்கிறேன்."

அப்படிச் சொல்லச் சொல்லி யார் என்னைக் கேட்டார்கள்?

அலுவலகத்துக்கு வந்து அந்தப் புள்ளியை அழித்தேன். வட்டம் போனது. வீடுகள் சிவந்தன.

"என்ன மாப்ள, இங்கன சிவந்து கெடக்கு?" என்றார் மேற்பார்வையாளர்.

"அங்க பஸ் நிக்கிறதில்லண்ணே."

"சரி, இருக்கட்டும்."

கீழே போய் சந்தோஷமாக டீ குடித்தேன். மடையன்.

மினிபஸ் போகும் தடத்தை மென்பொருள் புள்ளிக்குப் புள்ளி இழுத்துத்தான் போடும். புள்ளி இல்லாத இடத்துக்குக் கோடு போகாது; சிவந்த இடத்தில் நாமே புதுப் புள்ளி வைத்தாக வேண்டும், நான் வைக்கவில்லை. நான் திருநகர்ப் பக்கம் அளக்கப் போயிருந்தபோது தடம் போட்டு, அச்சடித்து, கையெழுத்தும் ஆகிவிட்டது. வந்து படத்தைப் பார்த்தேன். கோடு அந்தச் சிவப்பின் விளிம்புவரை வந்து, மோந்து பார்த்ததுபோல வளைந்து, வேறு பக்கம் போயிருந்தது.

மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னேன். "இப்ப வந்து சொல்றியே மாப்ள" என்றார். அவ்வளவுதான்.

சில மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, பைக்கில் போனேன். பலகை இல்லை. எங்கள் படத்தில் இல்லாத பலகைகளையெல்லாம் பிடுங்கியிருந்தார்கள். ரோட்டோரம் ஒரு சிமெண்ட் கட்டி மட்டும் கிடந்தது. ஓடக்கூடியவர்கள் அடுத்த நிறுத்தத்துக்கு நடந்து போய்விட்டார்கள். அந்த மூன்று பேர் மட்டும் அதே இடத்தில். அக்காவின் கை, கம்பி இருந்த உயரத்தில், வெறும் காற்றில் மடங்கியிருந்தது.

நடந்ததைச் சொன்னேன். ஒருவரும் திட்டவில்லை. ஒரு பஸ் வந்தது. வேகம்கூடக் குறையவில்லை.

"முன்னாடி ஓடுறவகளுக்காச்சும் நின்னுச்சு" என்றார் கண் தெரியாதவர். "நீ எல்லாரையும் ஒண்ணாக்கிட்ட."

அக்காவின் காலில் பழைய சேலைத் துணி சுற்றியிருந்தது. ஈ மொய்த்தது. வாடை வந்தது.

"எத்தன செவ்வா போகல?"

"அத எதுக்குக் கேக்குற?"

கட்டையை வாங்கிக் குறுக்கே வைத்து, பெரியாஸ்பத்திரிக்குப் போக அவரைப் பின்னால் ஏற்றினேன். ஒருவரைத்தான் ஏற்ற முடியும். கிளம்பும்போது கண்ணாடியில் பார்த்தேன். மற்ற இருவரும் நாங்கள் போகும் பக்கம் திரும்பவே இல்லை. பஸ் வரும் திசையைப் பார்த்து நின்றார்கள். அந்தப் பிள்ளையும் அங்கேதான் பார்த்தது.

விமான நிலைய ரோட்டில் திரும்பும்போது அக்கா என் தோளைத் தட்டினார்.

"அடுத்த செவ்வா?"